ஆங்கில ஒலிக்குறிப்புச் சொல்லுக்குக் குறிப்பெழுதுவது எப்படி: ‘கிளிக்’ வழியாக ஒரு வழிகாட்டி

பொருள், பயன்பாடு, தோற்றம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி உங்களிடம் யாராவது கேட்டிருக்கலாம். மொழிபெயர்ப்புப் பணியில் இது அடிக்கடி வரும்; ஆசிரியர்களுக்கும் வரும். சாதாரணச் சொல் என்றால் அகராதியைத் திறந்து முடித்துவிடலாம். ஓசையைப் போலச் செய்து பிறந்த சொல் என்றால்தான் வம்பு. தோற்றம் என்ற இடத்தில் அகராதி ‘ஒலிக்குறிப்பு’ என்று ஒற்றை வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்திவிடும். பொருள் என்ற இடத்திலோ, பூட்டு, நாக்கு, நட்பு, கணினி என்று ஒன்றோடொன்று ஒட்டாத விளக்கங்களைக் கொட்டும். எதை முதலில் எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் பலர் பாதியில் எழுந்துவிடுகிறார்கள்.

முட்டி மோதி நான் கண்டுகொண்ட வரிசையைக் கீழே தருகிறேன். எடுத்துக்காட்டு ‘கிளிக்’. எல்லோருக்கும் தெரிந்த சொல், தமிழிலும் புழங்குகிறது, வழுக்கி விழ வேண்டிய எல்லா இடங்களும் இதில் இருக்கின்றன. இதே வரிசை ‘பேங்’, ‘பாப்’, ‘கிராக்’, ‘ஸ்பிளாஷ்’ எதற்கும் பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை, அவற்றின் செலவு

நல்ல செய்தி: பெரும்பாலும் செலவே இல்லை. இன்றைய பொருளுக்கு கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதி, மெரியம்-வெப்ஸ்டர் ஆகிய இரண்டும் இணையத்தில் இலவசம். இரண்டிலும் உச்சரிப்பைக் கேட்கலாம். கேம்பிரிட்ஜில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் தனித்தனியாக உண்டு. தோற்றத்துக்கு ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி இலவசம், சுருக்கமானது, புதியவருக்குப் போதும். உண்மையான வாக்கியங்களுக்கு கோகா என்று அழைக்கப்படும் அமெரிக்க ஆங்கிலத் தரவுத்தொகுப்பு இருக்கிறது. 1990 முதல் 2019 வரையிலான சுமார் நூறு கோடி சொற்கள் அதில் உள்ளன. பதிவு செய்துகொண்டால் இலவசமாகத் தேடலாம். ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்ற வரம்பு உண்டு, நடுநடுவே சந்தா கட்டச் சொல்லியும் கேட்கும்.

பணம் கேட்பது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. ஒரு சொல்லுக்கான காலவாரியான மேற்கோள்கள் முழுவதையும் இணையத்தில் பார்க்கச் சந்தா வேண்டும். கட்டுவதற்கு முன் நீங்கள் உறுப்பினராக இருக்கும் நூலகத்திலோ கல்லூரியிலோ விசாரியுங்கள். நிறுவனச் சந்தா இருந்தால் உங்கள் அடையாள எண்ணை வைத்தே உள்ளே போய்விடலாம். ஒரே ஒரு சொல்லுக்காக ஆண்டுச் சந்தா கட்டுவது வீண்.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு, கூடவே ஒரு கண்ணியும் உண்டு. அந்த அகராதியின் முதல் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் பக்கப் படிமங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலர் அதை இறக்கிவைத்துக்கொண்டு ‘ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்தேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘சி’ எழுத்துக்கான பகுதி 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அச்சாகிவிட்டது. கணினிச் சுட்டி, மனிதர்கள் ஒத்துப்போவது, இணையத் தூண்டில் தலைப்பு எதுவும் அதில் இருக்காது. பழைய மேற்கோள்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

2. அகராதியைத் திறக்கும் முன் ஓசையைக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் பின்னால் திணறுகிறார்கள். பேனாவின் தலையை அழுத்துங்கள். சீட் பெல்ட்டை மாட்டுங்கள். பூட்டில் சாவியைத் திருப்புங்கள். மூன்றிலும் வரும் ஓசைக்குப் பொதுவான குணங்களை எழுதிக்கொள்ளுங்கள்: சிறியது, கூர்மையானது, தொடங்கிய கணமே முடிந்துவிடுவது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஓசை கேட்டதும் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. இந்தக் கடைசிக் குணத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். மூன்றாம் படி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

பிறகு சொல்லின் எழுத்தோசையைப் பாருங்கள். தொடக்கத்தில் ‘க்ள’ என்று வரும் ஆங்கிலச் சொற்கள் கூட்டமாகவே இருக்கின்றன: கிளாப், கிளாங், கிளிங்க், கிளங்க், கிளாட்டர். பெரும்பாலும் கெட்டியான இரண்டு பொருள்கள் மோதும் ஓசைகள். நடு உயிர் அளவைச் சொல்கிறது. ‘இ’ வந்தால் சின்ன, மெல்லிய ஓசை. அந்த இடத்தில் ‘அ’ வந்து கிளங்க் ஆனால் கனமான இரும்பு விழுகிறது. தமிழ்க் காதுக்கு இது புதிதில்லை. சின்னச் சதங்கை கிணுகிணு என்கிறது, பெரிய மணி கணகண என்கிறது. இறுதி மெய் நீளத்தைச் சொல்கிறது. ‘க்’, ‘ப்’, ‘ட்’ என்று முடிந்தால் ஓசை அங்கேயே வெட்டுப்படும். ‘ங்’ என்று முடிந்தால் அதிர்ந்துகொண்டே இருக்கும். ‘ஷ்’ என்று முடிந்தால் சிதறும்: ஸ்பிளாஷ், கிராஷ்.

இதை விதி என்று எழுதாதீர்கள், போக்கு என்று எழுதுங்கள். விதிவிலக்குகளைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள்.

ஜோடிச் சொற்களில் ஒரு வரிசையும் உண்டு. டிக்-டாக், ஜிக்-ஜாக், பிங்-பாங் எல்லாவற்றிலும் ‘இ’ முன்னால்தான் நிற்கும். திருப்பிப் போட்டால் ஆங்கிலக் காது ஏற்காது.

3. பொருள்களை ஒரே சரடில் கோத்துவிடுங்கள்

இப்போது அகராதியைத் திறக்கலாம். அங்கே இருக்கும் எண் வரிசையை அப்படியே நகலெடுக்க வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, இரண்டாம் படியில் எழுதிய குணங்களில் எது இங்கே வேலை செய்கிறது என்று குறியுங்கள்.

ஓசை மட்டும்: பேனா, பூட்டு, கேமரா, குதிகால் செருப்பு. மூட்டு அசையும்போது வரும் சத்தத்துக்கும் இதே சொல். இதயத்தின் மைட்ரல் வால்வு பிதுங்கும் நிலையில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் கூடுதல் ஒலிக்கு மருத்துவர்களும் இதையே வைத்திருக்கிறார்கள். மல்லாந்து விழுந்தால் ஓசையோடு துள்ளி எழும் ஒரு வண்டுக் குடும்பத்துக்கு ‘கிளிக் பீட்டில்’ என்று பெயர்.

வாயால் எழுப்பும் ஓசை: நாக்கைப் பற்களில் ஒட்டிச் சட்டென்று இழுத்தால் வருவது. நாம் உச்சுக்கொட்டுகிறோமே, அதேதான். மொழியியலில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஜூலு, கோசா போன்ற தென்னாப்பிரிக்க மொழிகளில் இவ்வகை ஒலிகள் முழு மெய்யெழுத்துகளாகவே சொல்லுக்குள் வருகின்றன. கோசா என்ற பெயரின் முதல் ஒலியே அப்படிப்பட்டதுதான். குறிப்பில் ஓர் எச்சரிக்கை சேருங்கள்: ‘டட்-டட்’, ‘ட்ஸ்க்-ட்ஸ்க்’ என்று ஆங்கில நாவல்களில் எழுதியிருப்பது இந்த உச்சுக்கொட்டலைத்தான். அதை எழுத்துக்கூட்டி ‘டட் டட் என்றாள்’ என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

இடத்தில் உட்காருதல்: உறுப்பு பொருந்தி நிற்பது. இங்கிருந்துதான் மனத்துக்கும் உறவுக்கும் சொல் தாவுகிறது. நெடுநேரம் புரியாதது திடீரென்று புரிந்தால் ‘இட் கிளிக்ட்’. பார்த்தவுடனேயே இருவருக்கு ஒத்துப்போனால் ‘தே கிளிக்ட்’. இரண்டிலும் ஓசை எங்கும் கேட்பதில்லை; பொருந்தி உட்கார்ந்த உணர்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒத்துப்போதல் என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பதிவாகிறது.

அழுத்துதல்: கணினிச் சுட்டியின் பொத்தான். 1980-களில் சுட்டி பரவியபோது இந்தப் பொருளும் பரவியது. பிறகு தொடுதிரை வந்தது, ஓசை போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. இந்தப் பொருளின் பிள்ளைகளையும் ஒரு வரியில் குறியுங்கள்: இணையத் தூண்டில் தலைப்பைக் குறிக்கும் கிளிக்பெய்ட், 1990-களின் இறுதியில் தோன்றியது, கூலிக்கு அழுத்த வைக்கும் கிளிக் ஃபார்ம். அலுவலகக் கூட்டங்களில் ‘லெட்ஸ் டபுள்-கிளிக் ஆன் தட்’ என்று ஒரு வழக்கும் கிளம்பியிருக்கிறது. அந்த விஷயத்தை இன்னும் ஆழமாகப் பார்ப்போம் என்று அர்த்தம். எனக்கு அறவே பிடிக்காத வழக்கு. ஆனால் குறிப்பில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்டு மிரள்பவர்கள்தான் உங்கள் குறிப்பைத் தேடி வருவார்கள்.

4. வாக்கியத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

குறிப்பின் பாதிப் பயன் இந்தப் பகுதியில்தான். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

தமிழில் ஓசைச் சொல் தனியாக நிற்பது அரிது. ‘என்று’ அல்லது ‘என’ கைகொடுக்க வேண்டும். கதவு ‘டக்’கென்று மூடியது. ஆங்கிலத்தில் அந்த ஓசையே வினையாகிக் காலமும் ஏற்கும்: ‘த லாக் கிளிக்ட்’. அதைவிட விசித்திரம், ‘த டோர் கிளிக்ட் ஷட்’. இங்கே ஓசை முதன்மை வினை. மூடிக்கொண்டது என்பது அதன் விளைவாக வால்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கு நேர்தலைகீழ். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘கிளிக் என்ற சத்தத்துடன் கதவு மூடியது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. மூன்று நான்கு சொற்களில் முடியும். கோகாவில் ‘கிளிக்ட் ஷட்’ என்று தேடிப் பாருங்கள், வாக்கியங்கள் வரிசையாக வரும்.

கூட வரும் துணைச்சொற்களையும் தனியே பட்டியலிடுங்கள். ‘வித்’ வந்தால் மனிதரோடு ஒத்துப்போதல். ‘இன்டு பிளேஸ்’ வந்தால் பொருந்துதல். ‘ஆன்’ வந்தால் திரையில் உள்ளதை அழுத்துதல்; இந்த ‘ஆன்’ இல்லாமலும் எழுதலாம், இரண்டும் வழக்கில் உள்ளன. ‘த்ரூ’ வந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கங்களைக் கடந்து போதல்.

தமிழர்கள் அதிகம் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்பதை ‘ஐ கிளிக்ட்’ என்று எழுதுவது முதலாவது. புரிந்த விஷயம்தான் எழுவாயாக வர வேண்டும், ஆள் வரக்கூடாது: ‘இட் கிளிக்ட் ஃபார் மீ’. இரண்டாவது, படம் எடுத்தேன் என்பதற்கு ‘ஐ கிளிக்ட் எ ஃபோட்டோ’. இந்திய ஆங்கிலத்தில் இது சாதாரணம். பிரிட்டிஷ், அமெரிக்க வாசகருக்கு எழுதும்போது ‘டேக்’ போடுங்கள். மூன்றாவது, விரல் சொடுக்குதல். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் விரல்களைக் ‘கிளிக்’ செய்வார்கள். அமெரிக்கர்கள் ‘ஸ்னாப்’ செய்வார்கள்.

கணினிப் பயன்பாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்று. தொழில்நுட்ப எழுத்தில் இந்தச் சொல் மெல்லப் பின்வாங்குகிறது. மைக்ரோசாஃப்ட் எழுத்துநடைக் கையேடு சுட்டி, தொடுதிரை, விசைப்பலகை எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘செலக்ட்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறது. ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்ற இணைப்பு வேறொரு தொல்லை. திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும்போது, ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று மட்டும்தான் காதில் விழும். இணைப்பு எங்கே கொண்டுபோகும் என்பதையே இணைப்பின் சொற்களாக வையுங்கள்.

5. தோற்றம்: எவ்வளவு சொல்லலாம், எங்கே வாயை மூட வேண்டும்

எழுதக்கூடியது இவ்வளவுதான்: ஒலிக்குறிப்பு, வினையாக 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் பெயராக 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பதிவுகள், டச்சில் ‘கிளிக்கன்’, பிரெஞ்சில் ‘கிளிக்கே’ என்று இணையான வடிவங்கள். இரண்டு வரி. இதை ஒரு பக்கமாக நீட்ட ஆசைப்படுபவர்கள்தான் கதை கட்டத் தொடங்குகிறார்கள்.

முதல் பதிவின் ஆண்டைப் பிறந்த ஆண்டு என்று எழுதாதீர்கள். ஓசைச் சொற்கள் பேச்சில் நெடுங்காலம் உலவிவிட்டுத்தான் அச்சுக்கு வரும். ‘பதிவு கிடைக்கிறது’ என்று எழுதுவதே பத்திரம்.

இணையான வடிவங்களைக் கண்டவுடன் ‘டச்சிலிருந்து வந்தது’ என்றும் எழுதிவிடாதீர்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பூட்டின் ஓசையைக் கேட்டுத் தனித்தனியாகவும் ஒரே வடிவத்துக்கு வந்திருக்க முடியும். அதே ஓசையை ஜப்பானியர்கள் ‘கச்சி’ என்று கேட்கிறார்கள். காது பொதுவானாலும் ஒவ்வொரு மொழியும் தன்னிடம் இருக்கும் எழுத்தொலிகளை வைத்துத்தான் போலச் செய்கிறது.

சாதாரணச் சொற்களுக்கான ஒலிமாற்ற விதிகளை இங்கே பொருத்துவதும் ஆபத்து. ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்த காலத்தில், கோழிக்குஞ்சின் குரலைக் குறித்த ‘பீப்’ கூடவே போயிருந்தால் இன்று ‘பைப்’ என்று ஒலிக்க வேண்டும். குஞ்சுகள் அப்படிக் கத்துவதில்லை. சொல் ‘பீப்’ ஆகவே நின்றுவிட்டது.

பழைய நூல்களில் தேடுபவர்களுக்கு, எங்கும் எழுதியிருக்காத ஒரு கண்ணி. பழைய புத்தகங்களின் பக்கப் படிமங்களை எந்திரம் எழுத்துகளாக மாற்றும்போது, ஆங்கிலத்தின் ‘சி’யும் ‘எல்’லும் நெருக்கமாக அச்சாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து ‘டி’ என்று படித்துவிடும். உடனே ‘கிளிக்’, ரிச்சர்டின் செல்லப்பெயரான ‘டிக்’ ஆகிவிடும். கூகுள் புக்ஸில் எண்ணிக்கை பார்த்துவிட்டு ‘அந்த நூற்றாண்டில் இந்தச் சொல் அரிது’ என்று முடிவு கட்டுவதற்கு முன், பக்கப் படிமத்தைக் கண்ணால் பாருங்கள்.

6. உறவுக்காரர்போல் வருபவர்களை விசாரியுங்கள்

சிறு கும்பலைக் குறிக்கும் ‘கிளீக்’, தேய்வழக்கைக் குறிக்கும் ‘கிளிஷே’ இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. இரண்டுமே ஓசையில் பிறந்தவையாகக் கருதப்படுகின்றன. கிளிஷே அச்சுக்கூடச் சொல், உருக்கிய உலோகத்தின் மேல் அச்சு விழும் ஓசையைக் குறித்தது என்பார்கள். ஆங்கிலக் ‘கிளிக்’கின் பிள்ளைகள் என்று இவற்றை எழுதக் கூடாது, தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடிகாரத்தின் ‘கிளாக்’ இன்னும் ஏமாற்றும். முள் நகரும் ஓசையிலிருந்து வந்தது என்று நம்பாதவர் இல்லை. அதன் வேர் மணியைக் குறிக்கும் இடைக்கால இலத்தீன் ‘கிளொக்கா’. நேரம் சொன்னது மணிதான்.

இராணுவத்தில் கிலோமீட்டரைக் குறிக்கும் ‘கிளிக்’ வேறொரு சொல், ‘கே’ எழுத்தில் தொடங்கும். அதன் தோற்றத்தை அகராதிகளே உறுதியாகச் சொல்வதில்லை. தனித் தலைச்சொல்லாக வையுங்கள். காலணித் தொழிலில் மேற்பகுதித் தோலை வெட்டுபவருக்கு ‘கிளிக்கர்’ என்று பெயர். இது நம் சொல்லின் வீட்டுப் பிள்ளைதான், இன்றும் அந்த வெட்டுப் பொறியை ‘கிளிக்கிங் பிரஸ்’ என்றே அழைக்கிறார்கள்.

7. தமிழ் நிகர்ச்சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே நிகர்ச்சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. மூன்றாம் படியில் பிரித்த ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஓசைக்கு ‘டக்’கென்று, ‘கிளிக்’ என்று. நாக்குக்கு உச்சுக்கொட்டு. புரிதலுக்குப் பொறி தட்டியது. மனிதர்களுக்கு ஒத்துப்போனது. கணினிக்குச் சொடுக்கு. விரலையும் சவுக்கையும் சொடுக்கிய அதே வினை சுட்டிக்கும் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்த தேர்வு இது. தொடுதிரைக்குத் தட்டு அல்லது தொடு போதும்.

‘டக்’கென்று எழுதும்போது கவனம். தமிழில் அது விரைவையும் குறிக்கும்: டக்கென்று எழுந்தான். ஆங்கிலக் ‘கிளிக்’கில் அந்த வேகப் பொருள் இல்லை.

இலக்கணக் குறிப்பில் ‘கிளிக்’கை இரட்டைக்கிளவி என்று வகைப்படுத்துபவர்களைப் பார்க்கிறேன். இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்பது தொல்காப்பியம். சலசல என்பதைப் பிரித்தால் பொருள் போய்விடும். ‘கிளிக்’ தனியாகவே நின்று வினையும் ஆகிறது. ஒலிக்குறிப்புச் சொல் என்று எழுதினால் போதும். தமிழ் வடிவங்களைச் சரிபார்க்க, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் இலவசமாக இருக்கிறது. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். அச்சுப் பிரதியை விலைக்கு வாங்க வேண்டும், நூலகத்திலும் கிடைக்கலாம்.

8. எவ்வளவு நேரம் ஒதுக்குவது

ஓசை கேட்பதற்கும் குணங்களை எழுதுவதற்கும் கால் மணி நேரம். பொருள்களைப் பிரிக்க ஒரு மணி நேரம். வாக்கியங்களுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. கோகாவின் தினசரி வரம்பு குறுக்கிடும் என்பதால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. தோற்றத்துக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அந்த வரி இரண்டைத் தாண்டி நீள்கிறது என்றால் நீங்கள் ஊகிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு தகவலுக்கு எதிரிலும் எந்த அகராதி, எந்தத் தேதியில் பார்த்தது என்று குறித்து வையுங்கள். இணைய அகராதிகள் அறிவிப்பில்லாமல் திருத்தப்படுகின்றன. புதிய மேற்கோள் ஒன்று கிடைத்தால் முதல் பதிவின் ஆண்டே இன்னும் பழைய காலத்துக்கு நகர்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து ஒரு வாசகர் வேறோர் ஆண்டைக் காட்டிக் கேள்வி கேட்கும்போது, அந்தத் தேதிக் குறிப்பு இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.